எஃப்-6 மேல் வைத்த விரல்

விளாங்குடி, மதுரை
12 ஜூலை 2024

மாப்ள ஜெயபாண்டி,

உன் நம்பருக்கு அடித்தால் ஒரு பெண் குரல் ‘உபயோகத்தில் இல்லை’ என்கிறது. ஒன்றரை மாதமாக அவளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். வாட்ஸப்பிலும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் தபால். பள்ளிக்கூடத்து லீவு லெட்டருக்குப் பிறகு நான் பேனா பிடித்து எழுதுகிற முதல் கடிதம் இது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஆபீஸ் அப்படியேதான் இருக்கிறது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் ஹாரன், கீழ்மாடி லாட்ஜில் தினமும் ஒரு சண்டை, சௌரிராஜன் சாரின் ‘என்னப்பா ஆச்சு’. உன் நாற்காலியில் வித்யாஸ்ரீ என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. வந்த அன்றே கேட்டாள்: “அண்ணே, டிமக்ஸ்ல எல்லாரும் கண்ட்ரோலையும் பி-யையும் சேர்த்துத்தானே தட்டுவாங்க? இங்க என்ன எல்லா ஷார்ட்கட்டும் மேல் வரிசையில கெடக்கு?”

அவளுக்கு நான் கதை சொன்னேன். ஒரே திரையை டிமக்ஸ் ஆறு கட்டமாகப் பிரித்துக் கொடுக்கிறது. கட்டத்துக்கு ஒரு ஸ்கேன் சென்டரின் சர்வர். கட்டம் விட்டுக் கட்டம் போவதற்கெல்லாம் இடது சுண்டுவிரலால் கண்ட்ரோலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஜெயபாண்டி அண்ணனுக்கு அந்தக் கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை, பதினோரு வயதில் கதிரடிக்கிற மெஷின் எடுத்துக்கொண்டது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேல் வரிசைக்கு, ஒரு விரல் தட்டுக்கு, மாற்றினோம் என்றேன். எஃப்-6 தட்டினால் நாம் அடிப்பது இந்தக் கட்டத்துக்கு மட்டும் போகும். எஃப்-7 தட்டினால் ஆறு கட்டத்துக்கும் சேர்ந்து போகும். ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே லாகின், ஒரே செட்டிங்ஸ் ஃபைல், அதனால் உனக்கும் இதுதான் என்றேன். “நல்ல ஏற்பாடுண்ணே” என்றாள். நான் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன்.

தேவிகாவுக்கு ஆறாம் மாதம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறாள். உன் தங்கச்சி முத்துமீனா மாப்பிள்ளை வீட்டில் எப்படி? அம்மா எப்படி? கை எப்படி என்று எழுதி அடித்துவிட்டேன், அடித்தது உனக்குத் தெரியும்.

உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். நேரில் பேச வேண்டிய விஷயம். நீ சரி என்றால் திருமங்கலம் வாரேன்.

குரு


திருமங்கலம்
23 ஜூலை

குரு,

கடிதம் வந்தது. நம்பரை நான்தான் விட்டேன். யாரும் கூப்பிட வேண்டாம் என்றுதான் விட்டேன்.

நேரில் பேச என்ன இருக்கிறது? அந்த மே 28-ஆம் தேதி நீ பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன். தினமும் அதைத்தானே மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன், ஒருமுறை காகிதத்திலும் ஓடட்டும்.

தங்கச்சி கல்யாணம் முடிந்து பதினோரு நாள் கழித்து வேலைக்கு வந்த முதல் நாள். உசிலம்பட்டி சென்டரில் இடமில்லை, படங்களைப் புது டிஸ்குக்கு மாற்றியாகிவிட்டது, பழைய ஃபோல்டரை அழிக்க வேண்டும். வலது கையில் ஃபோன், அந்தப் பக்கம் சென்டர்க்காரர் அவசரப்படுத்துகிறார். அழிக்கிற வேலைக்கு முன்னால் நான் எப்போதும் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒற்றைக் கட்டத்தில் இருந்தாலும் எஃப்-6 ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். பார்க்காமலே தெரியட்டும் என்று அந்தக் கீ மேல் முத்துமீனாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தேன். தட்டினேன். கமாண்டை அடித்தேன். கண் உசிலம்பட்டிக் கட்டத்திலேயே இருந்தது. என்டர் தட்டி நிமிர்ந்தால் ஆறு கட்டத்திலும் அழிந்துகொண்டிருக்கிறது. மற்ற ஐந்து சென்டரிலும் அதே பெயர் ஃபோல்டரில்தான் படமெல்லாம் இருந்தது.

பேக்கப்பில் கிடைத்தது போக நாற்பத்தோரு பேருடைய படம் போயிற்று. அவர்கள் எல்லோருக்கும் நான்தான் ஃபோன் செய்தேன். பேரையூரிலிருந்து ஒரு அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “ஏந்தம்பி, மறுபடியும் அந்தக் குழாய்க்குள்ள போய்ப் படுக்கணுமா?”

சார் அறையிலிருந்து வந்ததும் நானே உட்கார்ந்து சோதித்தேன். எஃப்-6 சரியாக வேலை செய்தது, எஃப்-7-உம் சரியாக வேலை செய்தது. அப்படியென்றால் விரல்தான் தள்ளி விழுந்திருக்கிறது. பொட்டு விரலில் பட்டது என்றுதான் எனக்கு ஞாபகம். ஆனால் ஞாபகத்தை வைத்து என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை சார் கொடுத்த விடுவிப்புக் கடிதத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். ‘இடது கையின் குறைபாடு காரணமாக விசைப்பலகைப் பணிக்குப் பொருந்தாதவர்’ என்று இருக்கிறது. பதினெட்டு வருஷமாக யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் நான் மற்றவர்களைவிட வேகமாக அடித்தேன். கடைசியில் கம்பெனி முத்திரையோடு கையில் கொடுத்துவிட்டார்கள்.

திருமங்கலம் வர வேண்டாம்.

ஜெயபாண்டி


விளாங்குடி
2 ஆகஸ்ட்

மாப்ள,

வர வேண்டாம் என்று நீ எழுதியும் போன ஞாயிறு வந்தேன். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்தேன். இன்னொரு டீ குடித்தேன். டீக்கடைக்காரர் “எங்க போகணும் தம்பி?” என்று கேட்டார். மதுரைக்கு என்றேன். “இப்பத்தானே அங்கருந்து வந்து எறங்குனீங்க?” என்றார். திரும்பிப் பஸ் ஏறிவிட்டேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உன் கையைக் குறை சொல்லாதே. மூன்று வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், உன் விரல் ஒருநாளும் தள்ளி விழுந்ததில்லை. நான்தான் பத்து விரலை வைத்துக்கொண்டு தப்புத் தப்பாக அடிப்பேன், நீதான் திருத்துவாய். மெஷின் என்றால் ஆயிரம் இருக்கும். கீபோர்ட் பழசு. ஏதோ ஒன்று நடந்திருக்கலாம். விடு மாப்ள.

சார் எழுதிய அந்த வரி எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. அம்மா எங்கள் வீட்டு மொழியில் “வயிறு சரியில்லையா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உனக்கு என்ன வேண்டுமோ கேள். எதுவானாலும் செய்கிறேன்.

குரு


திருமங்கலம்
14 ஆகஸ்ட்

குரு,

எதுவானாலும் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒன்று கேட்கிறேன்.

எங்கள் கண்ணுச்சாமி மாமா ஒரு பஞ்சு மில்லில் வேலை பேசியிருக்கிறார். வாசலில் உட்கார்ந்து வருகிற லாரி, போகிற லாரி நம்பரை நோட்டில் எழுத வேண்டும். வலது கை போதும். கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைக்கு இதுவா என்று அம்மா ஒருநாள் முழுக்கப் புலம்பினாள். எனக்கு இதுதான் சரி. இனி கீபோர்ட் முன்னால் உட்காருவதாக இல்லை. உட்கார்ந்தால் இந்தக் கை எதை அழிக்கும் என்ற பயத்திலேயே பொழுது போய்விடும். லேப்டாப்பைத் துணி சுற்றிப் பரண் மேல் போட்டாயிற்று.

மில் முதலாளி அழகுராஜா ஒரு விஷயத்தில் கறார். “நல்ல கம்பெனியில இருந்த பையன் எதுக்குத் திடீர்னு வெளிய வந்தான்? கை சுத்தமா?” என்று மாமாவிடம் கேட்டிருக்கிறார். சுத்தமா என்றால் களவு கிளவு உண்டா என்று அர்த்தம். கூட வேலை பார்த்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வாராம். சாருடைய கடிதத்தைக் காட்ட மனசில்லை, அதில் நாற்பத்தோரு பேர் கணக்கெல்லாம் இருக்கிறது. நீ எழுதிக் கொடு. நாலு வரி போதும். இடது கைக் குறையால் வேலையில் தவறு நேர்ந்தது, அதனால் விலகினான், நாணயத்தில் குறை கிடையாது. அவ்வளவுதான். கீழே கையெழுத்தும் உன் ஃபோன் நம்பரும்.

உனக்கு ஐந்து நிமிஷ வேலை.

ஜெயபாண்டி


விளாங்குடி
29 ஆகஸ்ட்

மாப்ள,

தாமதத்துக்குப் பொறுத்துக்கொள். நீ கேட்டது இத்துடன் இருக்கிறது. உன்னைப் போல வேலைக்காரனை நான் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறேன், அது உண்மை. நேரம் தவறாதவன், நாணயஸ்தன், யார் வேலையையும் தன் வேலையாகப் பார்ப்பவன் என்றெல்லாம் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன். மில் முதலாளிக்கு இது போதும் என்று நினைக்கிறேன். நம்பரும் போட்டிருக்கிறேன்.

லாரி நம்பர் எழுதுகிற வேலைக்கு நீ போகத்தான் வேண்டுமா? இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பாரேன்.

குரு


திருமங்கலம்
9 செப்டம்பர்

குரு,

நீ எழுதிக் கொடுத்ததை அழகுராஜா ரெண்டு தடவை படித்தார். “எல்லாம் சரிப்பா, கல்யாணப் பத்திரிகை மாதிரி ஜோராத்தான் இருக்கு. ஏன் வெளிய வந்தான்னு எங்க இருக்கு?” என்று கேட்டார். மாமாவுக்கு மூஞ்சி செத்துவிட்டது. வெளியே வந்து, “ஒன் சிநேகிதன் எதையோ முழுங்குறான்டா” என்றார். இந்த மாதம் முப்பதாம் தேதி வரைக்கும் இடத்தை வைத்திருப்பாராம்.

நாலு வரி எழுத உனக்கு என்ன கேடு? கையைப் பற்றி எழுதினால் நான் வருத்தப்படுவேன் என்று பார்க்கிறாயா? நான் தாண்டியாகிவிட்டது. முன்பெல்லாம் இந்தக் கையை நான் மறைத்தது கிடையாது, உனக்கே தெரியும். லாட்ஜ் வாசலில் வம்பு இழுத்தவனுக்கு மூன்று விரலைக் காட்டி “இதுல ஒண்ணு வாங்குனாலே தாங்க மாட்ட” என்று சொன்னவன்தான் நான். இப்போது பரோட்டாக் கடையில்கூட மேசைக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன். போன வாரம் முத்துமீனா வீட்டுக்குப் போனபோது கையைக் கர்ச்சீப் சுற்றிக்கொண்டு போனேன். அவள் பார்த்துவிட்டு, “அடி பட்டுருச்சாண்ணே?” என்று பதறினாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு பஸ்ஸில் வரும்போது எனக்கே அசிங்கமாக இருந்தது.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துப் புழுங்க முடியவில்லை. அன்றைக்கு நான் சார் அறையில் நின்றேன். “யார் டைப் அடிச்சது?” என்றார். “நான்தான் சார். விரல் மாறிப்போச்சு போல” என்றேன். தலை குனிந்து நின்றேன். அப்புறம் உன்னை உள்ளே கூப்பிட்டார். சாருக்கும் உனக்கும் வீட்டு மொழி ஒன்று, அதில்தான் ரெண்டு பேரும் பேசினீர்கள். நான் வெளியே நின்று கேட்டேன், ஒரு எழுத்தும் புரியவில்லை. என்ன பேசினீர்கள்? நம்ம ஆள் இல்லை, அனுப்பிவிடலாம் என்றா? அப்படி நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நீ நாலு வரி எழுத மறுத்தால் வேறு எதை நினைப்பது?

எழுது. இல்லையென்றால் ஏன் எழுத மாட்டேன் என்று எழுது.

ஜெயபாண்டி


விளாங்குடி
15 செப்டம்பர்

ஜெயபாண்டி,

நீ கேட்ட நாலு வரியை நான் எழுத மாட்டேன். ஏனென்றால் அது பொய். அதைப் பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

உன் விரல் தள்ளி விழவில்லை. உன் விரலில் பட்டது பொட்டுதான். நீ தட்டியது எஃப்-6 தான்.

நீ கல்யாணத்துக்குப் போயிருந்த நாட்களில் என் கீபோர்டில் டீ கொட்டி எஃப்-7 செத்துப்போயிற்று. ஆறு சர்வருக்கும் ஒரே நேரத்தில் அப்டேட் போட வேண்டியிருந்தது, கீபோர்ட் கேட்டால் சார் பத்து நாள் இழுப்பார். அதனால் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து ரெண்டு வேலையையும் எஃப்-6 மேலேயே ஏற்றினேன். ஒரு தட்டு தட்டினால் எல்லாக் கட்டத்துக்கும், மறு தட்டு தட்டினால் ஒரு கட்டத்துக்கு. நீ வருவதற்குள் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன். எல்லோருக்கும் ஒரே ஃபைல் என்று பெருமையாக வைத்திருந்தோமே, அதனால் நான் மாற்றியது உனக்கும் மாறிவிட்டது.

நீ வந்து உட்கார்ந்தபோது அது ஒற்றைக் கட்டத்தில்தான் இருந்தது. நீ எதுவுமே தட்டாமல் அடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஜாக்கிரதையாக இருப்பவன் என்பதால் எஃப்-6 தட்டினாய். அந்தத் தட்டு ஆறையும் திறந்துவிட்டது. என்னைப் போல அசட்டையான ஆளாக இருந்திருந்தால் நீ தப்பித்திருப்பாய்.

இதுவரைக்கும் எழுதியது மறதி. மறதிக்கு நீ என்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு விட்டுவிடுவாய். இனி எழுதப்போவது மறதி இல்லை.

ஆறு கட்டத்திலும் அழிவதைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் சார் உன்னைக் கூப்பிட்டார். நீ உள்ளே போனாய். நான் ஃபைலைத் திறந்து பழையபடி ஆக்கினேன். ரெண்டு வரி. ரெண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினேன். நீ வெளியே வந்து சோதித்தபோது எல்லாம் சரியாக வேலை செய்தது அதனால்தான். உன் கைதான் காரணம் என்று உன்னை நம்ப வைத்தது நான். சார் அறைக்குள் என்ன பேசினோம் என்று கேட்டாய். “அவன் செட்டிங்ஸ்ல எதாவது கோளாறா?” என்று எங்கள் மொழியில் கேட்டார். இல்லை என்றேன். அந்த ஒரு சொல்தான் நான் பேசியது. நம்ம ஆள், வேற்று ஆள் என்ற பேச்சே வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சாக்காவது கிடைத்திருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்றால் பயம். அன்று காலையில்தான் என்னைப் பொறுப்பாளர் ஆக்கப்போவதாகச் சார் சொல்லியிருந்தார். தேவிகா உண்டாகியிருந்தாள். நீயே உன் வாயால் ‘நான்தான்’ என்று சொல்லிவிட்டாய், அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உன்னை வேலையைவிட்டு அனுப்புவார் என்று நினைக்கவில்லை. அனுப்பிய பிறகும் வாய் திறக்கவில்லை.

‘விடு மாப்ள’ என்று ஆகஸ்டில் எழுதினேன். அதை எழுதிய கையைத்தான் நீ குறை சொல்ல வேண்டும்.

ராஜகுரு


திருமங்கலம்
19 செப்டம்பர்

எனக்கு எழுதி என்ன? சௌரிராஜன் சாரிடம் எழுத்தில் கொடு. கையெழுத்து போட்டு, தேதி போட்டு. நகல் எனக்கு வர வேண்டும். வந்த பிறகு மற்றதைப் பார்ப்போம். அதுவரை மாப்ள கீப்ள என்று எழுதாதே.

ஜெயபாண்டி


விளாங்குடி
6 அக்டோபர்

ஜெயபாண்டி,

நகல் இத்துடன் இருக்கிறது. செப்டம்பர் 27-ஆம் தேதி கொடுத்தேன். உன் கடிதம் வந்து ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஆபீஸ் போய் வந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதலில் தேவிகாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. “அந்த அண்ணன் நம்ம கல்யாணத்துல பந்தி முழுக்க அந்தக் கையால வாளி தூக்குனாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சார் படித்துவிட்டுச் சிரித்தார். நம்பவில்லை. “சிநேகிதனுக்காகத் தலையைக் குடுக்கிறியாப்பா? நல்ல மனசு. கிழிச்சுப் போட்டுட்டு வேலையைப் பாரு” என்றார். நாலு மாதம் பொய் சொன்னபோது நம்பியவர், உண்மையைச் சொன்னால் நம்பவில்லை. கிழித்துப் போட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் அந்த நினைப்பு வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு பேக்கப்பைத் திறந்து காட்டினேன். படங்களுக்குத்தான் வாரம் ஒருமுறை, செட்டிங்ஸ் ஃபைலுக்குத் தினமும் நகல் விழும். மே 27-ஆம் தேதி நகலில் எஃப்-6 எப்படி இருந்தது, 28-ஆம் தேதி இரவு நகலில் எப்படி மாறியிருந்தது என்று ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வித்யாஸ்ரீயும் பார்த்துக்கொண்டிருந்தாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “அந்தப் பையன் என் முன்னாடி தலையைக் குனிஞ்சு நின்னானேப்பா” என்றார்.

உன் பழைய கடிதத்தை ரத்து செய்து புதிதாக ஒன்று எழுதியிருக்கிறார். ரெஜிஸ்டர் தபாலில் தனியாக வரும். நீ திரும்ப வரலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லச் சொன்னார். ஆறு சென்டருக்கும் தவறு யாருடையது என்று எழுதச் சொன்னேன். “அது எதுக்குப்பா, ஆறிப்போன சோறு” என்றார். நானே எழுதி அனுப்பினேன். அதற்காகத்தான் கோபப்பட்டார், பொய் சொன்னதற்கு அவ்வளவு கோபப்படவில்லை. பொறுப்பாளர் பதவி போயிற்று. வேலை போகவில்லை. அன்று எனக்குக் காபி வரவழைத்தார். குடித்தேன்.

உன்னை எப்போது பார்க்கலாம்? உன் அம்மா காலில் விழ வேண்டும் என்று இருக்கிறது. வரட்டுமா?

ராஜகுரு


திருமங்கலம்
21 அக்டோபர்

குரு,

ரெண்டு கடிதமும் வந்தன. சாருடையதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “இடது கையின் குறைபாடு என்று குறிப்பிட்டது தவறு” என்ற வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். மூன்று தடவை படித்தேன்.

என்னை விசாரித்தது பத்து நிமிஷம். தண்ணீர் வேண்டுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை. உனக்குக் காபி. நீ அதை மறைக்காமல் எழுதியதால் இங்கே குத்திக்காட்டுகிறேன், மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. சரி, குடித்ததைக் குடித்துவிட்டாய்.

உன் செப்டம்பர் கடிதம் வந்த அன்று திருமங்கலத்தில் ஒரு நெட் சென்டருக்குப் போனேன். அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு எஃப்-6 தட்டினேன். நூறு தடவை. ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்து விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு தடவைகூடத் தள்ளி விழவில்லை. பக்கத்து சீட்டில் இருந்தவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். அங்கேயே அழுதேன், குரு. மெஷினில் விரல் போனபோதுகூட அப்படி அழுததாக ஞாபகம் இல்லை.

மில் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆரப்பாளையத்துக்கும் வரப்போவதில்லை. சார் மேல் கோபம் இருக்கிறது, ஆனால் காரணம் அது இல்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு கீயையும் தட்டுவதற்கு முன்னால் இதை இவன் மாற்றியிருப்பானோ என்று தோன்றும். கோயம்புத்தூரில் ஒரு இடத்தில் பரீட்சை வைத்தார்கள், டைப் அடிக்கிற வேலைதான். கையை மேசை மேலேயே வைத்திருந்தேன். அடுத்த திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே லாகின் ஆளுக்கு ஒன்று.

எழுதிக் கொடுத்துவிட்டாய். லேசில்லை என்று தெரியும். நாலு மாதம் என் கையை நானே கர்ச்சீப்பில் சுற்றிக்கொண்டு அலைந்தேன், நீ அதைப் படித்துக்கொண்டே சும்மா இருந்தாய். இதுவும் எனக்குத் தெரியும். ரெண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

தேவிகாவுக்குப் பிரசவம் ஆனதும் ஒரு வரி எழுது. அதற்குப் பதில் எழுதுவேன்.

வீட்டுக்கு வராதே. வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நடந்ததெல்லாம் தெரிந்தும் அம்மா உனக்கு இலை போட்டுச் சோறு வைப்பாள். நீயும் சாப்பிடுவாய். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் நாள் ஆகும்.

ஜெயபாண்டி